பிக் அப்: தமிழில் தினமும் சொல்லும் ஆங்கில வினையை ஆங்கிலத்திலும் சரியாகச் சொல்ல ஒரு முழு வழிகாட்டி

'வண்டி செம பிக்கப்.' 'அஞ்சு மணிக்கு வந்து பிக்கப் பண்ணிக்கிறேன்.' 'படம் முதல் வாரம் சுமார்தான், அப்புறம் பிக்கப் ஆயிடுச்சு.' ஆங்கிலம் படிக்காதவர்கள்கூட இந்த மூன்று வாக்கியங்களையும் தயங்காமல் சொல்வார்கள். ஆனால் அதே சொல்லை ஓர் ஆங்கில வாக்கியத்துக்குள் வைக்கச் சொன்னால் பட்டதாரிக்கும் தடுமாறுகிறது.

நான் மாலை நேரத்தில் கல்லூரி மாணவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும் வாக்கியங்களில் இரண்டு: 'ஐ வில் பிக்கப் ஹிம்', 'ப்ளீஸ் பிக் மி அட் சிக்ஸ்'. முதலாவதில் சொற்கள் இடம் மாறிவிட்டன. இரண்டாவதில் ஒரு சொல்லையே காணோம்.

இரண்டும் கவனக்குறைவால் வரும் தவறுகள் இல்லை. ஆங்கிலத்தில் 'பிக்', 'அப்' என்று தனித்தனியாக இருக்கும் இரண்டு சொற்களை நாம் ஒட்டி, 'பிக்கப்' என்று ஒரே பெயர்ச்சொல்லாக்கி, பின்னால் 'பண்ணு' அல்லது 'ஆகு' சேர்த்துக்கொண்டோம். தமிழுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஒட்டிய சொல்லாகவே பழகிவிட்டதால், ஆங்கிலத்தில் அது நடுவில் திறக்கும் என்பது நம் கண்ணில் படுவதில்லை. இந்த வழிகாட்டியில் முக்கியமான வேலை அந்த ஒட்டைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

முதல் படி: குனிந்து எடுத்துப் பாருங்கள்

வகுப்பில் ஒரு பேனாவைத் தரையில் போடுவேன். யாராவது ஒருவர் வந்து அதை எடுக்க வேண்டும், மற்றவர்கள் அவருடைய கையை மட்டும் பார்க்க வேண்டும். கை கீழே போகிறது, விரல்கள் பேனாவைப் பற்றுகின்றன. அது 'பிக்'. கை மேலே வருகிறது, பேனா இப்போது அவரிடம் இருக்கிறது. அது 'அப்'. இதைப் படிக்கும்போதே நீங்களும் ஒரு சாவிக்கொத்தையோ சீப்பையோ கீழே போட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி தெரியும், ஆனால் உடம்பு செய்த ஒன்றை மனசு சீக்கிரம் மறக்காது.

அந்த ஒரு அசைவுக்குள் இரண்டு விஷயங்கள் நடந்தன. கீழே கிடந்த பொருள் என்னிடம் வந்து சேர்ந்தது. அதோடு அது மேலே ஏறியது. அகராதியைத் திறந்தால் பிக் அப்புக்குப் பத்துப் பதினைந்து பொருள் போட்டிருப்பார்கள். ஏறக்குறைய அத்தனையும் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து கிளைத்தவைதான். சளி, மொழி, விக்கெட், வானொலி அலை, ரயிலில் வந்து இறங்கும் தங்கை ஆகியவை என்னிடம் வந்து சேர்கிற வகை. வியாபாரம், காற்று, வண்டியின் வேகம் ஆகியவை மேலே ஏறுகிற வகை. புதிதாக ஒரு வாக்கியத்தில் பிக் அப் வந்தால், பட்டியலை நினைவுபடுத்த வேண்டாம். 'ஏதோ ஒன்று வந்து சேர்கிறதா, ஏதோ ஒன்று ஏறுகிறதா' என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு வினையும் அப், அவுட், ஆஃப், ஆன் போன்ற ஒரு குட்டிச் சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தருவதை ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். ஆங்கிலம் கற்கும் அந்நியர்களுக்கு மிகப் பெரிய சிரமம் இதில்தான் என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். அப்போது இதற்குத் தனிப் பெயர்கூட இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி சொன்ன பெயர் இது என்று குறிப்பிட்டு, எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் எழுதிய பிறகுதான் ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் பரவலானது. ஆக, நமக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது.

இரண்டாம் படி: 'எடு'வைத் துணைக்குக் கூப்பிடுங்கள்

தமிழில் 'எடு' என்ற வினை எத்தனை இடங்களுக்குப் போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஃபோனை எடுக்கிறோம். வண்டி வேகம் எடுக்கிறது. பந்துவீச்சாளர் விக்கெட் எடுக்கிறார். மொட்டை மாடியில் நின்றால்தான் சிக்னல் எடுக்கிறது. இந்த நான்கு 'எடு'வுக்கும் ஆங்கிலத்தில் பிக் அப் போடலாம்: பிக் அப் தி ஃபோன், பிக் அப் ஸ்பீட், பிக் அப் எ விக்கெட், பிக் அப் எ சிக்னல். இரண்டு மொழிகளும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே வினையை நான்கு இடத்துக்கும் அனுப்பியிருக்கின்றன. நான் முதல்முறை இதைக் கவனித்த அன்று, வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு இதையே பேசிக்கொண்டிருந்தோம்.

ஆனால் எல்லா 'எடு'வும் பிக் அப் ஆகாது. ஃபோட்டோ எடுப்பதற்கு 'டேக்'. மார்க் எடுப்பதற்கு 'கெட்' அல்லது 'ஸ்கோர்'. பசி எடுத்தால் 'ஐம் ஹங்ரி' என்று வேறு வழியில் போக வேண்டும். பொருளை எடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தரையில், மேசையில், படுக்கையில் கிடப்பதைக் கையில் எடுத்தால் பிக் அப். பைக்குள்ளிருந்தோ டிராயருக்குள்ளிருந்தோ எடுத்தால் 'டேக் அவுட்'.

மூன்றாம் படி: சொல் நடுவில் திறக்கும்

இந்த ஒரு படிக்காக மட்டும் ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும்.

'பிக் அப் தி பென்' சரி. 'பிக் தி பென் அப்' என்பதும் சரி. பேனா, பை, பார்சல், அப்பா என்று பெயர்ச்சொல் எதுவானாலும் அப்புக்குப் பின்னாலும் வைக்கலாம், பிக்குக்கும் அப்புக்கும் நடுவிலும் வைக்கலாம். ஆனால் பேனா என்பதற்குப் பதில் 'இட்' என்று சொல்லும்போது அந்த உரிமை போய்விடுகிறது. 'பிக் இட் அப்' ஒன்றுதான் சரி. 'பிக் அப் இட்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். மி, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் என்ற ஏழு சொற்களும் நடுவில்தான் உட்கார வேண்டும்.

ஏன் இப்படி? ஆங்கிலம் பொதுவாகப் புதிய செய்தியை வாக்கியத்தின் கடைசியில் வைத்து அழுத்திச் சொல்லும். 'இட்' என்று நான் சொல்லும்போது எது என்பது உங்களுக்கு முன்பே தெரியும், அதில் புதுச் செய்தி எதுவும் இல்லை. அதனால் அது கடைசி இடத்தைப் பிடிக்காமல் நடுவில் ஒடுங்கிக்கொள்கிறது, அழுத்தம் 'அப்' மேல் விழுகிறது. நம்மிடமும் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு பழக்கம் உண்டு. 'செய்துவிட்டான்' என்பது ஒரே சொல்லாகத் தெரிகிறது. ஆனால் 'சொன்னான், செய்தும் விட்டான்' என்கிறோம். செய்து, விட்டான் இரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன 'உம்' நுழைந்துவிடுகிறது. சின்னது நுழையும், பெரியது நுழையாது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். பெயர் நீளமாக நீளமாக, நடுவில் வைப்பது சிரமம். 'பிக் தி ப்ளூ பேக் நெக்ஸ்ட் டு தி கிச்சன் டோர் அப்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்புக்கு வந்து சேர்வதற்குள் மூச்சு முட்டும். அங்கே 'பிக் அப் தி ப்ளூ பேக் நெக்ஸ்ட் டு தி கிச்சன் டோர்' என்பதுதான் வாய்க்குச் சுகம்.

விதியை மனப்பாடம் செய்வதைவிட வாயைப் பழக்குவது முக்கியம். இரண்டு பேர் எதிரெதிரே உட்காருங்கள். ஒருவர் பெயர்ச்சொல் போட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் அதை உடனே மாற்ற வேண்டும். 'பிக் அப் தி கீஸ்' என்றால் 'பிக் தெம் அப்'. 'பிக் அப் யுவர் சிஸ்டர்' என்றால் 'பிக் ஹெர் அப்'. 'பிக் அப் தி பார்சல்' என்றால் 'பிக் இட் அப்'. ஒரு நாளைக்கு 20 முறை, யோசிக்காமல் வரும்வரை. தனியாக இருந்தால் வீட்டுச் சாமான்களைச் சுட்டிக்காட்டிச் சொல்லலாம். என் அனுபவத்தில் ஐந்தாறு நாளில் 'பிக் அப் இட்' என்பது காதுக்கே உறுத்த ஆரம்பித்துவிடும். உறுத்த ஆரம்பித்தால் போதும், அப்புறம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள்.

கேள்வியிலும் செயப்பாட்டு வினையிலும் இதே சொல்தான், பயப்பட ஒன்றுமில்லை. 'ஹூ இஸ் பிக்கிங் யூ அப்?' என்றால் உன்னை யார் வந்து அழைத்துப் போகிறார்கள் என்று பொருள். 'ஹேஸ் தி பார்சல் பீன் பிக்ட் அப்?' என்றால் பார்சலை எடுத்துப் போய்விட்டார்களா என்று பொருள்.

நான்காம் படி: 'அப்'பைத் தொலைக்காதீர்கள்

பவழமல்லி மரம் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். மல்லிகையைச் செடியிலிருந்து பறிக்கிறோம். பவழமல்லியை அப்படிப் பறிப்பதில்லை, அது இரவில் பூத்து விடிவதற்குள் தானே உதிர்ந்துவிடும். காலையில் தரையெல்லாம் வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கிடப்பதைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறோம். ஆங்கிலத்தில் பறிப்பது 'பிக்', பொறுக்குவது 'பிக் அப்'. 'அப்' இருக்கிறதா இல்லையா என்பதில் பூ செடியில் இருக்கிறதா தரையில் கிடக்கிறதா என்பதே மாறிவிடுகிறது.

ஆட்கள் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. வெறும் 'பிக்' என்றால் தேர்ந்தெடு. அணிக்கு ஆள் எடுக்கும்போது கை தூக்கிக்கொண்டு 'பிக் மி!' என்று கத்தலாம். ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போகச் சொல்லும்போது 'பிக் மி அப்' என்றுதான் சொல்ல வேண்டும். இந்திய ஆங்கிலத்தில் 'ஐ வில் பிக் யூ ஃப்ரம் தி ஏர்போர்ட்' என்பது பழகிப்போன வாக்கியம், நமக்குள் பேசும்போது யாருக்கும் குழப்பம் வராது. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் மெயிலில் அந்த 'அப்' இல்லாவிட்டால், படிப்பவர் ஒரு நொடி நின்று யோசிப்பார்.

ஃபோன் விஷயத்திலும் இதே கதைதான். 'ஹி இஸ் நாட் லிஃப்டிங் தி ஃபோன்', 'ஹி இஸ் நாட் பிக்கிங் மை கால்' என்று அலுவலகங்களில் தினமும் கேட்கிறோம். 'எடுக்கவில்லை' என்ற தமிழ்தான் அதற்குள் இருக்கிறது. 'ஹி இஸ்ன்ட் பிக்கிங் அப்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபோன் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை, அது தானாகப் புரியும். 'ஹி இஸ்ன்ட் ஆன்சரிங்' என்பதும் நல்ல வாக்கியம். வயர் தொங்கும் பழைய ஃபோனை நினைத்துக்கொண்டால் 'அப்' ஏன் என்று விளங்கும். மணி அடித்தால் ரிசீவரைத் தூக்குவோம் அல்லவா? இன்றைக்குத் திரையில் விரலைத் தள்ளுகிறோம், சொல் மட்டும் ரிசீவர் காலத்திலேயே நிற்கிறது.

இன்னொரு விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேண்டிய இடத்தில் 'அப்'பை விடும் நாம், வேண்டாத இடத்தில் சேர்த்துவிடுகிறோம். 'கோப் அப் வித் தி ப்ரெஷர்' என்பது தவறு, 'கோப் வித் தி ப்ரெஷர்' போதும். அங்கிருந்து ஒரு 'அப்'பை எடுத்து இங்கே வைத்தால் இரண்டு வாக்கியமும் சரியாகிவிடும்.

ஐந்தாம் படி: ஆளை அழைத்து வருதல், பொருளை வாங்கி வருதல்

வண்டியில் போய் ஒருவரை ஏற்றிக்கொள்வதற்குப் பிக் அப், கொண்டுபோய் இறக்கிவிடுவதற்கு 'டிராப் ஆஃப்'. 'பிக் மி அப் அட் தி ஸ்டேஷன்', 'பிக் மி அப் ஃப்ரம் தி ஸ்டேஷன்' இரண்டும் சரி. நேரத்துக்கு 'அட்' போடுங்கள். ஒரு முழுச் செய்தி இப்படி இருக்கும்: 'குட் யூ பிக் மி அப் ஃப்ரம் எக்மோர் அட் சிக்ஸ்?' பிரிட்டனில் இதே இடத்தில் 'கலெக்ட்' என்றும் சொல்வார்கள். 'ஐ வில் கலெக்ட் யூ அட் சிக்ஸ்' என்று யாராவது எழுதினால், உங்களைப் பார்சலாக நினைத்துவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

வழியில் கடையில் நின்று ஏதாவது வாங்கி வருவதற்கும் இதே வினை. 'கேன் யூ பிக் அப் சம் மில்க் ஆன் யுவர் வே ஹோம்?' இதில் திட்டமிட்டு மாதச் சாமான் வாங்கும் தொனி இல்லை, போகிற போக்கில் ஒன்றிரண்டு வாங்குவதுதான். டெய்லரிடம் தைக்கக் கொடுத்த துணி, ஸ்டூடியோவில் பிரிண்ட் போடக் கொடுத்த படம் இவற்றைத் திரும்பப் போய் வாங்குவதும் பிக் அப்தான்.

ஆட்களைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. 'ஹி பிக்ட் அப் எ கேர்ள் அட் தி பார்ட்டி' என்றால் முன்பின் தெரியாத பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து வசப்படுத்தினான் என்று பொருளாகிவிடும். யாரை அழைத்து வந்தீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. 'ஐ பிக்ட் அப் மை கசின் ஃப்ரம் தி ஸ்டேஷன்' என்பதில் எந்தத் தப்பும் வராது. அதேபோல 'தி போலீஸ் பிக்ட் ஹிம் அப்' என்றால் போலீஸ் லிஃப்ட் கொடுத்தது என்று பொருள் இல்லை, பிடித்துக்கொண்டு போனார்கள் என்று பொருள்.

ஆறாம் படி: மொழியும் சளியும் ஒட்டிக்கொள்ளும் விதம்

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இது. பள்ளிக்கூடம் போய், புத்தகம் வைத்து, தேர்வு எழுதிக் கற்றால் 'லேர்ன்'. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராமல், புழங்கிப் புழங்கியே வந்துவிட்டால் 'பிக் அப்'. என் வகுப்புக்கு வந்த ஒருவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தார். கூட வேலை செய்தவர்கள் வடக்கத்திக்காரர்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவர்கள் பேசுவதைக் கேட்டு, இரண்டே வருடத்தில் இந்தியில் சரளமாகப் பேசுகிறார். ஆனால் நேர்காணலுக்கான சுயவிவரத்தில் மொழிகள் என்ற இடத்தில் இந்தியை எழுதவே இல்லை. 'நான் படிக்கலையே சார்' என்றார். 'ஐ பிக்ட் அப் ஹிந்தி அட் வொர்க்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன். அந்த வாக்கியம் உண்மையைச் சொல்கிறது, கூடவே இவர் காதைத் திறந்துவைத்திருப்பவர் என்பதையும் சொல்கிறது. நேர்காணலில் சொல்லத் தகுந்த இன்னொன்று 'ஐ பிக் திங்ஸ் அப் க்விக்லி', சட்டென்று பிடித்துக்கொள்வேன் என்று பொருள். ஆனால் பட்டப்படிப்புக்கும் சான்றிதழ்ப் படிப்புக்கும் இதைப் போடக் கூடாது. பி.காம் யாருக்கும் புழங்கிப் புழங்கி வருவதில்லை.

நோய்க்கு வந்தால் இரண்டு மொழிகளும் திசை மாறுகின்றன. தமிழில் 'எனக்குச் சளி பிடித்துவிட்டது' என்கிறோம். பிடிப்பது சளி, பிடிபடுவது நான். ஆங்கிலத்தில் 'ஐ பிக்ட் அப் எ கோல்ட் ஆன் தி ட்ரெயின்'. எடுத்தது நான், எடுக்கப்பட்டது சளி. அதனால் தமிழ் வாக்கியத்தை அப்படியே வரிசையாக மாற்றினால் 'கோல்ட் பிக்ட் மி அப்' என்று வந்து நிற்கும், சளி காரில் வந்து உங்களை ஏற்றிக்கொண்டு போனது போல. நோய் என்றால் எழுவாயில் ஆளை வையுங்கள். இன்னொன்று, வெளியிலிருந்து தொற்றி வருவதற்கு மட்டும்தான் இது. காய்ச்சல் கிருமி, வயிற்றைக் கெடுக்கும் கிருமி இதெல்லாம் சரி. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் பிக் அப் வராது.

பழக்கமும் பேச்சுத் தொனியும் இதே மாதிரி ஒட்டிக்கொள்ளும். கோயம்புத்தூரில் நாலு வருடம் இருந்துவிட்டு 'ஏனுங்க' என்று பேச ஆரம்பித்தவரை 'ஷி ஹேஸ் பிக்ட் அப் தி அக்சென்ட்' என்று சொல்லலாம்.

ஏழாம் படி: எதையும் எடுக்காத பிக் அப்

இதுவரை பார்த்த வாக்கியங்களில் எடுக்கிறவர் ஒருவர், எடுக்கப்படுவது ஒன்று என்று இரண்டு இருந்தன. ஃபோன் வாக்கியத்தில் மட்டும் ஃபோன் மறைந்து நின்றது. மேலே ஏறுகிற இரண்டாவது வகையில் ஒன்று மட்டும்தான் இருக்கும். 'சேல்ஸ் ஹேவ் பிக்ட் அப்', விற்பனை ஏறியிருக்கிறது. 'தி விண்ட் பிக்ட் அப் ஆஃப்டர் மிட்நைட்', நள்ளிரவுக்கு மேல் காற்று வலுத்தது. தமிழில் இங்கே 'சூடு பிடித்தது' என்போம், தீபாவளி நெருங்க நெருங்கத் துணிக்கடை வியாபாரம் சூடு பிடிக்கிற மாதிரி. படம் பிக்கப் ஆகிவிட்டது என்று சொல்வதும் இந்த வகைதான்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. முன்பு மந்தமாக இருந்து இப்போது ஏற வேண்டும். முதல் நாளிலிருந்தே அமோகமாக ஓடும் கடையைப் பிக்ட் அப் என்று சொன்னால் பொருந்தாது. மேலும், செயப்பாட்டு வினை கூடாது. 'பிசினஸ் வாஸ் பிக்ட் அப்' என்றால் யாரோ கடையைத் தூக்கிக்கொண்டு போனது போலாகிவிடும். 'பிசினஸ் பிக்ட் அப்' போதும். 'ஆயிடுச்சு' என்ற தமிழ் மனசில் இருப்பதால்தான் அந்த 'வாஸ்' தேவையில்லாமல் ஒட்டிக்கொள்கிறது.

எட்டாம் படி: கிரிக்கெட் வர்ணனையை வைத்துக் காதைப் பழக்குங்கள்

மேட்ச் பார்க்கும்போது ஆங்கில வர்ணனையை வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பிக் அப் பல வடிவங்களில் வந்துவிடும். பந்துவீச்சாளர் 'பிக்ஸ் அப் ஹிஸ் தேர்ட் விக்கெட்', மூன்றாவது விக்கெட் எடுக்கிறார். பேட்ஸ்மேன் 'பிக்ஸ் அப் எ சிங்கிள்', ஒரு ரன் எடுக்கிறார். 'ஹி பிக்ட் அப் தி லெங்த் ஏர்லி' என்றால் பந்து எங்கே குத்தும் என்பதை முன்கூட்டியே கணித்துவிட்டார். காலுக்கு நேரே வரும் பந்தை அப்படியே தூக்கி லெக் பக்கம் அனுப்புவதற்குப் 'பிக்கப் ஷாட்' என்றே பெயர். திடீரென்று 'ஹி டிட்ன்ட் பிக் தி கூக்ளி' என்பார்கள், இதில் 'அப்' இல்லை. கூக்ளி எது, சாதாரண லெக் ஸ்பின் எது என்று பிரித்தறியவில்லை என்று பொருள். நான்காம் படியில் சொன்ன தேர்ந்தெடுக்கும் 'பிக்'தான் இங்கே வேறு உடையில் வருகிறது.

கணிப்பது, கண்டுகொள்வது என்ற அர்த்தம் கிரிக்கெட்டோடு நிற்பதில்லை. மைக் மின்விசிறிச் சத்தத்தைப் 'பிக் அப்' பண்ணும், நாய் வாசனையைப் 'பிக் அப்' பண்ணும். ஒருவர் வாய்விட்டுச் சொல்லாததை நீங்கள் உணர்ந்துகொண்டால் பின்னால் ஓர் 'ஆன்' சேர வேண்டும். 'ஷி பிக்ட் அப் ஆன் ஹிஸ் நெர்வஸ்னஸ்', அவனுடைய பதற்றத்தை அவள் கண்டுகொண்டாள். இந்த 'ஆன்' வந்துவிட்டால் சொல் நடுவில் திறக்காது. 'பிக்ட் அப் ஆன் இட்' என்று 'இட்' கடைசியில்தான் வரும். மூன்றாம் படிக்கு இது ஒரு விலக்கு.

மீதி இருப்பவை சில்லறை. விட்ட இடத்திலிருந்து தொடர்வது 'பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்'. ஹோட்டலில் எல்லோருக்குமாக ஒருவர் பணம் கட்டுவது 'பிக் அப் தி பில்'. மற்றவர் போட்டுவிட்டுப் போனதை ஒழுங்குபடுத்துவது 'பிக் அப் ஆஃப்டர் சம்ஒன்', பிள்ளைகள் இருக்கும் எல்லா வீட்டிலும் அம்மாக்கள் சொல்லும் வாக்கியம்.

ஒன்பதாம் படி: ஒலியும் எழுத்தும்

இறந்தகாலத்தைப் 'பிக்கெட் அப்' என்று பிரித்துச் சொல்பவர்கள் நிறைய. 'பிக்ட்' என்பது ஒரே அசை. அதன் 'ட்' அடுத்த 'அப்'போடு ஒட்டி 'பிக்டப்' என்று கேட்கும். 'பிக் இட் அப்' வேகமாகப் பேசும்போது 'பிக்கிடப்' என்று ஒரே சொல்லாக ஓடும். கேட்டுப் புரியவில்லை என்று பலர் சொல்வது இந்த ஓட்டத்தால்தான்.

வினையாக வரும்போது 'அப்' அழுத்தம் பெறும், எழுதும்போது இரண்டு சொல். பெயராக வரும்போது அழுத்தம் 'பிக்' மேல், எழுதும்போது ஒரே சொல், சிலர் நடுவில் சிறு கோடு போடுவார்கள். 'பிக்கப் டைம்', 'பிக்கப் டிரக்' என்பவை பெயர். 'ஐ வில் பிக் யூ அப்' வினை. மெயிலில் 'ஐ வில் பிக்கப் தி டாக்குமெண்ட்ஸ்' என்று சேர்த்து எழுதினால் அது எழுத்துப்பிழை. நடுவில் 'யூ' வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது வினை, பிரித்து எழுதுங்கள்.

பத்தாம் படி: எழுதிப் பாருங்கள்

கீழே வரும் ஆறு வாக்கியங்களையும் முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அப்புறம் விடையைப் பாருங்கள்.

சாவி கீழே விழுந்துவிட்டது, அதை எடு.
அம்மாவை நான் போய் அழைத்து வருகிறேன்.
பத்து தடவை கூப்பிட்டேன், அவன் எடுக்கவே இல்லை.
பெங்களூரில் இருந்தபோது கன்னடம் பழகிக்கொண்டேன்.
பொங்கலுக்கு அப்புறம் வியாபாரம் சூடு பிடித்தது.
உன்னை யார் அழைத்துப் போக வருகிறார்கள்?

விடைகள் இதே வரிசையில். 'யூ ட்ராப்ட் யுவர் கீஸ், பிக் தெம் அப்.' சாவிக்கொத்து என்று எடுத்துக்கொண்டு 'கீஸ்', 'தெம்' என்றேன், ஒற்றைச் சாவி என்றால் 'கீ', 'இட்'. 'ஐ வில் பிக் அப் அம்மா' அல்லது 'ஐ வில் பிக் அம்மா அப்', இரண்டுக்கும் முழு மார்க். 'ஐ கால்ட் டென் டைம்ஸ், ஹி டிட்ன்ட் பிக் அப்.' 'ஐ பிக்ட் அப் கன்னடா வென் ஐ வாஸ் இன் பெங்களூரு.' 'பிசினஸ் பிக்ட் அப் ஆஃப்டர் பொங்கல்', நடுவில் 'வாஸ்' போட்டிருந்தால் ஏழாம் படிக்குத் திரும்புங்கள். கடைசி வாக்கியம், 'ஹூ இஸ் பிக்கிங் யூ அப்?' இதில் 'யூ' எங்கே உட்கார்ந்தது என்று பாருங்கள். கடைசிக்குப் போய்விட்டிருந்தால், நாளைக்கு மறுபடியும் ஒரு 20 முறை.